குழிக்கு அளவு போட்டவன் குழியில் இறங்கியதில்லை

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் தோழர் ஒருவர் சிரித்தார். "பஞ்சமி நிலம், ரெட்டை டம்ளர், ஆணவக் கொலைன்னு எழுத வேண்டியது மலை மாதிரி கெடக்கு. நீங்க குக்கர்ல இருக்கிற முத்திரையப் பத்தி எழுதப்போறீங்களா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். குக்கருக்கு முத்திரை குத்துகிற அதே அமைப்புதான் நம்ம ஆள் இறங்குகிற குழிக்கும் அளவு போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த அளவை வாங்கிக்கொண்டு வந்து குழி கட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால் முதலில் என் கதையைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முசிறி. காவிரிக்கு வடகரை, எதிர்க்கரையில் குளித்தலை. நாங்கள் அருந்ததியர். அப்பாவும் சித்தப்பாவும் துப்புரவு வேலை. அப்பா நிரந்தரம், சித்தப்பா கடைசிவரை தினக்கூலி. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பீ வாளி தூக்கியவர் அப்பா. இங்கே 'மலம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மலம் என்பது அள்ளச் சொல்கிறவன் வார்த்தை. அள்ளுகிறவனுக்கு அது பீதான். "இந்த வாளி என்னோட போவட்டும்" என்று சொல்லி அப்பா என்னைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தார்.

1994இல் திருச்சியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கல்யாண மண்டப வேலை. செப்டிக் டேங்க் வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் 'ஐ.எஸ். 2470 படி' என்று போட்டிருந்தது. இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட நடைமுறை விதி அது. நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை, குறைந்தபட்ச அகலம் 750 மில்லிமீட்டர், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குறைந்தது 1 மீட்டர் ஆழம். எல்லாம் அதிலிருந்து எடுத்ததுதான். மூடி வைக்கும் வாய் 500 மில்லிமீட்டர் விட்டம். நான் டேப் பிடித்து அளந்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு முடித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பீ வாளி தூக்கியவர் மகன் சர்க்கார் அளவுப்படி தொட்டி கட்டுகிறான் இல்லையா!

இரண்டு வருடத்தில் அந்தத் தொட்டி நிறைந்துவிட்டது. லாரி வைத்து உறிஞ்சினால் மேல்தண்ணி போகும், அடியில் கெட்டிப்பட்ட வண்டல் போகாது. அதற்கு ஆள் இறங்கி வாளியில் மொள்ள வேண்டும். மண்டபத்துக்காரர்கள் ஆள் தேடினார்கள். ஆள் கிடைத்தது. கிடைத்த ஆள் என் சித்தப்பா. அது நான் கட்டிய தொட்டி என்று அவருக்குத் தெரியாது. அவர் அங்கே போனது எனக்குத் தெரியாது.

எட்டாவது வாளியோ ஒன்பதாவது வாளியோ, கயிற்றை ஆட்டினால் பதில் இல்லை. உள்ளே சரிந்து கிடந்தார். கூடப் போனவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கயிறு கட்டிவிட்டு ஏறிவிட்டார். நாலு பேர் இழுத்தார்கள். மயங்கின உடம்பு கையைக் காலைக் குறுக்காது. தோள்பட்டை மூடி வாயில் மாட்டிக்கொண்டது. கடப்பாரையால் ஸ்லாபை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். முந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார்கள். உடைந்த ஸ்லாபுக்கு யார் பணம் கொடுப்பது என்று அப்புறம் சண்டை வேறு நடந்ததாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சுக் குளறிக்கொண்டிருந்தது. அது நான் கட்டிய தொட்டி என்பதை அவரிடம் ஒத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.

"ஏன்டா தம்பி, வாயை இன்னும் ஒரு சாண் அகலமா வச்சிருக்கக் கூடாதா?"

"அளவே அவ்வளவுதான் சித்தப்பா. கவர்மெண்ட்டு அளவு."

"கவர்மெண்ட்ல யாருடா எறங்கிப் பாத்தது?"

அதற்கப்புறம் ஐந்து வருடம் இருந்தார். இருமலும் மறதியுமாக இருந்து, ஒரு மழைக்காலத்தில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் சாவு எந்தக் கணக்கிலும் இல்லை. குழிக்குள்ளேயே செத்திருந்தால் ஒரு எண்ணாகவாவது ஆகியிருப்பார். அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதில் தேடித்தான் அந்தத் தர நிர்ணயக்காரர்களுடைய சட்டத்தையும் விதியையும் படிக்க ஆரம்பித்தேன்.

*

இந்திய தர நிர்ணயக் கழகம் என்ற ஐ.எஸ்.ஐ. 1947 ஜனவரியில் தொடங்கியது. வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. ஒரு சங்கமாகப் பதிவு செய்து நடத்தினார்கள். 1986இல் சட்டம் போட்டு 1987 ஏப்ரல் 1 முதல் அதை 'இந்திய தர நிர்ணய அமைவனம்' ஆக்கினார்கள். பிறகு 2016இல் புதுச் சட்டம் வந்து 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் தலைமையகம். அதற்குப் பெயர் மானக் பவன். அமைவனத்துக்குக் குறிக்கோள் வாக்கியம் உண்டு. நிச்சயமாகச் சமஸ்கிருதம்தான்: 'மானக பதப்ரதர்சக'. தரமே வழிகாட்டி என்று அர்த்தம். எங்கே போகிற வழி என்று சித்தப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இந்த அமைவனத்தை ஆளுவது ஓர் ஆட்சிமன்றக் குழு. 2016 சட்டத்தின் 3ஆவது பிரிவைப் பாருங்கள். துறை மந்திரி தலைவர். இணை மந்திரி இருந்தால் அவர் துணைத் தலைவர். துறைச் செயலாளர், தலைமை இயக்குநர் இருவரும் பதவி வழியாக உறுப்பினர்கள். மீதி இடங்கள் யாருக்கு? அரசு, தொழில்துறை, அறிவியல் ஆராய்ச்சி நிறுவனங்கள், நுகர்வோர், 'இதர நலன்கள்'. இவற்றின் பிரதிநிதிகளுக்கு. அவ்வளவுதான் பட்டியல்.

இதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும் தோழர்களே. தொழில்துறைக்குப் பெயர் சொல்லி இடம் இருக்கிறது. தொழிலாளி என்ற சொல்லே கிடையாது. நுகர்வோருக்குப் பெயர் சொல்லி இடம் இருக்கிறது, ஏனென்றால் அமைவனம் நுகர்வோர் விவகாரத் துறையின் கீழ் இருக்கிறது. அதாவது கக்கூஸ் போகிறவன் நுகர்வோர். அவனுக்கு நாற்காலி உண்டு. அந்தக் கக்கூஸுக்குத் தொட்டி விற்கிறவன், குழாய் விற்கிறவன் தொழில்துறை. அவனுக்கும் நாற்காலி உண்டு. அடைப்பெடுக்கிறவன் யார்? அவன் 'இதர'. நாலு வருணம் முடிந்த பிறகு மீதியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ அதையேதான் இந்த 'இதர' என்ற சொல்லும் செய்கிறது. ஊர் என்று ஒன்று, சேரி என்று இதர.

ஆட்சிமன்றக் குழுவாவது கொள்கை பேசுகிற இடம். அளவு நிஜமாகத் தீர்மானமாவது அதற்குக் கீழே. சிவில் எஞ்சினியரிங், ரசாயனம், உணவு, ஜவுளி என்று துறைவாரியாகக் கவுன்சில்கள். அதற்கும் கீழே பிரிவுக் குழுக்கள். அந்தக் குழுவில் அமைச்சகங்களும் வாரியங்களும் கம்பெனிகளும் ஐ.ஐ.டி.க்களும் ஆய்வுக்கூடங்களும் ஆள் அனுப்பும். வரைவு தயாராகும். கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட நாள் கெடு கொடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள். வருகிற கருத்தை வைத்துப் பேசி ஒத்த கருத்துக்கு வந்து அச்சடிப்பார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது, சேவை மாதிரி. கேட்க ரொம்ப ஜனநாயகமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாமாம்.

ஆனால் வரைவு எழுதுவது இங்கிலீஷில். நடுவில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் கூட்டத்துக்குப் போனால் கூலி போய்விடும். அந்தக் கூலியை யாரும் தரப்போவதில்லை. கம்பெனி எஞ்சினியருக்குக் கூட்டத்துக்குப் போவதே டியூட்டி. இப்படி யாரையும் வெளியே தள்ளாமலே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, நம்மை வெளியே நிறுத்தத் தெரிந்தவர்கள் இவர்கள். கோயில் வாசலில் போர்டு வைத்தாலாவது கிழித்துப் போடலாம். இங்கே போர்டும் கிடையாது.

"அமைவனத்தில் இட ஒதுக்கீடு இருக்கே" என்று சொல்வார்கள். இருக்கிறது, வேலைக்கு. அங்கே கிளார்க்காக, விஞ்ஞானியாகச் சேர ஒதுக்கீடு உண்டு. குழுவில் உட்கார்ந்து அளவு போடுவது வேலை அல்ல, கௌரவம். கௌரவத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியர்க்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு போராடி வாங்கினோம். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் அதை வைத்துக்கொண்டு நம்ம பிள்ளை அந்த ஆபீஸில் ஃபைல் தூக்கலாம். ஃபைலுக்குள் என்ன எழுதுவது என்பதை வேறு ஒரு மேசை முடிவு செய்கிறது.

*

அந்த மேசையில் என்னதான் எழுதினார்கள் என்று பார்ப்போம்.

ஐ.எஸ். 4111, முதல் பாகம், 1986. இது சாக்கடையில் வைக்கிற ஆள்நுழைவுத் தொட்டிக்கு அளவு சொல்கிறது. எத்தனை ஆழத்துக்கு எத்தனை அகலம் என்று அட்டவணை. ஐ.எஸ். 5455. இது அந்தத் தொட்டிச் சுவரில் பதிக்கிற வார்ப்பிரும்புப் படிக்கு. ஆமாம், நாம் காலை வைத்து இறங்குகிற படிக்கும் தரம் வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 1726. இது மேலே போடுகிற மூடிக்கு. கடைசியாக ஐ.எஸ். 11972, 1987. இதன் தலைப்பையே தமிழில் சொல்கிறேன்: 'கழிவுநீர் அமைப்புக்குள் நுழையும்போது எடுக்க வேண்டிய பாதுகாப்பு முன்னெச்சரிக்கைகளுக்கான நடைமுறை விதி'. வாயுவைச் சோதி, காற்றோட்டம் விடு, பெல்ட்டு மாட்டு, கயிறு கட்டு, மேலே ஆளை நிறுத்து. இந்த மாதிரி.

மூடிக்குத் தரம், படிக்குத் தரம், குழிக்குத் தரம், இறங்குகிறதுக்கும் தரம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. மனுசன் ஏன் இறங்க வேண்டும்? அந்தக் குழிக்கு வைத்த பெயரே ஆள்நுழைவுக் குழி. இங்கிலீஷில் மேன்ஹோல். மேன் என்றால் எந்த மேன்? வெள்ளைக்காரன் ஊரில் அது பொதுவாக ஆள். இந்த நாட்டில் அந்த 'ஆள்' யார் என்று குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரியும் என்பதால்தான் கேள்வி எழவில்லை. தான் இறங்கப்போவதில்லை, தன் பிள்ளை இறங்கப்போவதில்லை, தன் தெருக்காரன் இறங்கப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரால்தான் இறங்கும் படிக்கு வார்ப்பிரும்பு எத்தனை கனம் என்று அமைதியாக உட்கார்ந்து கணக்குப் போட முடியும்.

இது எஞ்சினியரிங், இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். சாதி வசவில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். சாதி மில்லிமீட்டரில் இருக்கிறது. எல்லோரும் உபயோகிக்கிற ஒரு பொருளைச் சிலர் மட்டும் சுத்தம் செய்யும்படி வடிவமைப்பது ஒரு சாதித் தீர்மானம். அதை எண்களால் எழுதியதனாலே அது விஞ்ஞானம் ஆகிவிடாது.

சட்டம் போட்டவர்கள் இதற்கு ஒத்து ஊதினார்கள். 1993இல் ஒரு தடைச் சட்டம் வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது. 2013 சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் 'அபாயகரமான துப்புரவு' கூடாது என்கிறது. கை தட்டத் தோன்றும். ஆனால் 'அபாயகரமான துப்புரவு' என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது. பாதுகாப்புக் கருவிகள் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை இல்லாமல் கையால் செய்ய வைப்பதுதான் அபாயகரமானது. அப்படியென்றால் கையுறையும் பூட்ஸும் கொடுத்து இறக்கினால்? சட்டத்தின் கண்ணில் அது வேறு. கருவி கொடுத்துப் பீ அள்ள வைத்தால் அவன் கையால் மலம் அள்ளுபவனே அல்ல என்றும் அதே சட்டம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. 1987இல் தரக் குழு மேசையில் எழுதின புத்தி 2013இல் பாராளுமன்றத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இறக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஒழுங்காக இறக்கு என்கிறார்கள்.

இப்போது குக்கருக்கு வருகிறேன். தரம் என்பது பொதுவாக விருப்பப்பட்டால் கடைப்பிடிக்கலாம் என்ற வகை. அரசாங்கம் தனி ஆணை போட்டால் கட்டாயம் ஆகும். குக்கருக்கு 2020இல் ஆணை போட்டார்கள். பிள்ளைகள் விளையாடுகிற பொம்மைக்குப் போட்டு 2021 ஜனவரி முதல் கட்டாயம் ஆக்கினார்கள். ஹெல்மெட்டுக்குப் போட்டார்கள். செருப்புக்கும் போட்டு 2024 ஆகஸ்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கட்டாயப் பொருளை முத்திரை இல்லாமல் விற்றால் 2016 சட்டம் வைத்த தண்டனை: முதல் தடவைக்கு 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆளைக் குழிக்குள் இறக்கினவனுக்கு 2013 சட்டம் வைத்த தண்டனை: முதல் தடவைக்கு 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குக்கருக்கு 2 லட்சம் என்பது ஆரம்பம். மனுசனுக்கு 2 லட்சம் என்பது உச்சம். முத்திரை இல்லாத குக்கருக்கு எங்கே அபராதம் தொடங்குகிறதோ அங்கே எங்க சித்தப்பாவுக்கு முடிந்துவிடுகிறது. எந்தத் தர நிர்ணயம் வேண்டும் இதைவிட? மனிதனையே தரம் பிரித்த நாட்டில் பொருளுக்குத் தரம் வைத்தால் இப்படித்தான் வந்து முடியும்.

*

"அவங்க படிக்காதவங்க. டெக்னிக்கல் கமிட்டியில வந்து என்ன சொல்லப்போறாங்க?" இதை என்னிடம் ஒரு எஞ்சினியர் நேராகவே கேட்டார். நல்லவர்தான். பதிலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சித்தப்பா கைநாட்டு. குழியைத் திறந்ததும் இறங்க மாட்டார். மூடியை எடுத்துவிட்டு ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்கு எட்டிப் போய் உட்கார்ந்திருப்பார். பீடியைக் குழிப் பக்கம் கொண்டு போக மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "மேல நிக்கிற காத்து பத்திக்கும், கீழ நிக்கிற காத்து கொன்னுடும்" என்றார். மீத்தேன் காற்றைவிட லேசு, எரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். பாலிடெக்னிக் எனக்கு மூன்று வருடத்தில் சொல்லித் தராததை அவர் ஒரே வரியில் சொன்னார். கரப்பான் செத்து மிதந்தால் இறங்காதே என்பார். இன்னொன்று சொல்வார்: "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல. அடிச்சிக்கிட்டிருந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஏறு." அந்த வாயு அளவு மீறினால் மோப்பம் மரத்துப்போகும், வாசனை தெரியாது. இதைப் புத்தகத்தில் படிக்க எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. இவ்வளவும் தெரிந்தவரும் ஒருநாள் சரிந்துவிட்டார். ஏனென்றால் தெரிந்திருப்பது காப்பாற்றாது, இறங்காமல் இருப்பதுதான் காப்பாற்றும். இந்தக் கடைசி வரி எந்தக் குழுவுக்கும் தெரியாத தொழில்நுட்பம். அதைச் சொல்லத்தான் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலும் சாக்கடையில் இறங்குகிறார்களே என்பது அடுத்தது. இறங்குகிறார்கள். ஆனால் இறங்குகிறவன் பிறக்கும்போதே அதற்கென்று பிறந்தவன் இல்லை. வாயு மீட்டர் இல்லாமல், அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்க மாட்டேன் என்று சொன்னால் அவன் பின்னால் சங்கம் நிற்கும். அமெரிக்காவில் தேசியத் தர நிறுவனத்தின் விதியே ஒன்று உண்டு. உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தரத்தை எழுதுகிற குழுவில் எந்த ஒரு தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, கறுப்பின மக்களைக் கேட்டால் தெரியும். ஆனால் குழுவில் யார் எத்தனை பேர் என்பது விதியாக எழுத வேண்டிய விஷயம் என்றாவது அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே 'இதர' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

வேறு வழி இல்லை, இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது கடைசி வாதம். இதற்கு நான் தில்லிக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. எங்க ஊர் சாலியர் தெருவுக்குப் போனால் போதும். 2000களில் திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு ஈக்கோசான் பொதுக் கழிப்பறை கட்டியது. காசு கொடுத்துப் போகிற கக்கூஸ்தான் நமக்குத் தெரியும். அங்கே போகிறவர்களுக்குக் காசு கொடுத்தார்கள், உலகம் பூராவும் செய்தி போயிற்று. அந்த நிறுவனத்தை நடத்திய சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காசு விஷயம் எனக்கு முக்கியமில்லை. அந்தக் கட்டுமானம்தான் முக்கியம். மூத்திரம் தனியாகப் போகும், கழுவுகிற தண்ணி தனியாகப் போகும், பீ தனியாக ஒரு அறையில் விழும். மேலே சாம்பல் தூவணும். அறை நிறைந்தால் மூடிவிட்டு அடுத்த அறை. மாசக் கணக்கில் காய்ந்து எருவாகிவிடும். அந்த அறை தரைக்கு மேலே இருக்கிறது. தரைக்கு மேலே! இறங்குவதற்குக் குழியே இல்லை.

எல்லா ஊருக்கும் அதுதான் மருந்து என்று சொல்ல வரவில்லை. பராமரிக்க ஆள் வேண்டும், பழக்கம் வேண்டும். எரு ஆன பிறகும் அதை அள்ளுவது எந்தத் தெரு ஆள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். ஆள் இறங்காத கக்கூஸ் கட்ட முடியும் என்று ஒரு சின்ன ஊர் காட்டிவிட்டது. இதுகூட அமைவனத்துக்குப் புதுசு இல்லை. ஐ.எஸ். 12314 என்று ஒரு விதி, கிராமத்து உறிஞ்சுகுழிக் கழிப்பறைக்கு. இரண்டு குழி போட்டு ஒன்று நிறைந்தால் மூடி ஆறப்போட்டு மண்ணான பிறகு எடுக்கிற ஏற்பாடு. அதுவும் 1987தான். அதே வருடம், அதே அலமாரி. ஒரு காகிதத்தில் இறங்க வேண்டியதில்லாத குழிக்கு வழி இருக்கிறது. இன்னொரு காகிதத்தில் இறங்குகிறவனுக்கு முன்னெச்சரிக்கை இருக்கிறது. இரண்டாவது காகிதத்தைத் தேவையில்லாமல் ஆக்க முதலாவது காகிதத்தின் புத்தியை ஏன் நகரத்துக்குக் கொண்டு போகவில்லை? அறிவு இல்லாததால் அல்ல. அவசரம் இல்லாததால். இறங்குகிற ஆள் மலிவாகக் கிடைத்துக்கொண்டே இருக்கிறான் என்பதால். 2018இல் கேரளத்து இளைஞர்கள் பெருச்சாளி என்று அர்த்தம் வருகிற பெயரில் சாக்கடைக்குள் இறங்க ஒரு இயந்திரம் செய்து காட்டினார்கள். 2023 பட்ஜெட்டில் நிதி மந்திரி ஆள்குழியை எல்லாம் இயந்திரக்குழி ஆக்குவோம் என்றார். நல்ல பேச்சு. ஆனால் பட்ஜெட் பேச்சு குழியின் அகலத்தை மாற்றாது. வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மாற்றும்.

*

இனி நம்ம பக்கம் திரும்பி ஒரு வார்த்தை. கசக்கும்.

சாக்கடையில் ஆள் செத்தால் நாம் மறியல் செய்கிறோம். இழப்பீடு கேட்கிறோம். 2014இல் 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சம் என்றது. இரண்டும் வழக்கு நடத்தியவர்களின் உழைப்பு, சின்ன விஷயம் இல்லை. ஆனால் செத்த பிறகு என்ன விலை என்று பேசுவதிலேயே நம்ம காலம் போய்விட்டது. சாகடிக்கிற வரைபடத்தை எடுத்து ஒருநாளும் படித்ததில்லை. சாவதும் பெரும்பாலும் அருந்ததியர் என்பதால் மற்ற தலித் தோழர்களுக்கே அது ஏதோ பக்கத்துத் தெருப் பிரச்சினையாக இருக்கிறது. இதை மறைத்து ஒற்றுமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அண்ணல் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? 1947 ஜனவரியில் ஐ.எஸ்.ஐ. தொடங்கியது என்றேன். அதே 1947 ஆகஸ்ட் 29ஆம் தேதி அரசியல் சட்ட வரைவுக் குழு அமைந்தது, அவர் தலைவரானார். ஒரே வருடத்தில் இந்த நாட்டில் இரண்டு எழுதும் மேசைகள். ஒன்றில் அவர் உட்கார்ந்தார், அதனால் என்ன வித்தியாசம் ஏற்பட்டது என்று நமக்குத் தெரியும். இன்னொரு மேசையை நாம் எட்டிப் பார்க்கவே இல்லை. அது சட்டம் இல்லை, வெறும் அளவு என்று விட்டுவிட்டோம். வெறும் அளவு ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரிய என் சித்தப்பா குழியில் விழ வேண்டியிருந்தது.

ஆகவே நான் சொல்வது:

ஒன்று. 3ஆவது பிரிவில் 'இதர' என்பதை உடைத்து, தொழிலாளர் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். சாக்கடை, செப்டிக் டேங்க், தோல், குப்பை என்று எந்தத் தரம் யார் உடம்பின் மேல் நடக்கிறதோ அவர்கள் சங்கத்துக்கு அந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டும். கூட்டத்துக்கு வந்த நாளுக்குக் கூலியும் பஸ் செலவும் தர வேண்டும். கூலி தராத ஜனநாயகம் சம்பளக்காரன் ஜனநாயகம்.

இரண்டு. வரைவு தமிழில் வர வேண்டும். குடியிருப்பில் வந்து படித்துக்காட்டிக் கருத்து எழுதிக்கொண்டு போக வேண்டும்.

மூன்று. குழி சம்பந்தப்பட்ட ஒவ்வொரு தரத்திலும் முதல் விதியாக 'மனிதர் இறங்கத் தேவையில்லாதபடி கட்ட வேண்டும்' என்று இருக்க வேண்டும். இறங்கினால்தான் சுத்தம் செய்ய முடியும் என்கிற வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது. 11972 விதி மிச்சம் இருக்க வேண்டுமென்றால், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போகிறவனுக்கான விதியாக மட்டும் இருக்கட்டும்.

நான்கு. இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். குக்கருக்குப் போட்ட ஆணை மனுசனுக்கும் போடட்டும்.

ஐந்தாவது நமக்கு. ஒரு காலத்தில் இந்தத் தரப் புத்தகங்களை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், எங்களால் ஆபீஸ் பிரதியைத்தான் எட்டிப் பார்க்க முடியும். இப்போது காசில்லாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். சிவில் படித்த நம்ம பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். துப்புரவுத் தொழிலாளிகளோடு உட்கார வைத்து ஒவ்வொரு விதியாகப் படியுங்கள். படித்தவன் எண்ணைச் சொல்லட்டும், இறங்கினவன் அந்த எண் சரியா என்று சொல்லட்டும். வருகிற கருத்தை எழுதி மானக் பவனுக்கு அனுப்புவோம். ஒன்று போனால் குப்பைக் கூடைக்குப் போகும். முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் திருவரங்கத்திலிருந்தும் ஆயிரம் போகட்டும், பார்ப்போம்.

நான் இப்போதும் கட்டட வேலையில்தான் இருக்கிறேன். செப்டிக் டேங்க் வரைபடம் கைக்கு வந்தால் உடனே கையெழுத்துப் போடுவதில்லை. அடிவண்டலை மேலிருந்தே குழாய் விட்டு எடுக்க வழி வைத்திருக்கிறதா என்று கேட்கிறேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறேன். இதனால் இரண்டு இடத்தில் வேலை போயிற்று. போகட்டும். "கவர்மெண்ட்ல யாருடா எறங்கிப் பாத்தது?" என்று கேட்டவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யாரும் இறங்கிப் பார்க்கவில்லை சித்தப்பா. இனி யாரும் இறங்கவும் வேண்டாம். இறங்கினவர்கள் ஏறி வந்து அந்த மேசையில் உட்காரட்டும்.